மாடி தங்குவதற்கு அல்ல

“அம்மா, ஆகஸ்டுல நாங்க எங்க தங்கலாம்?”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து என் மகள் டொனாட்டா போனில் இப்படிக் கேட்டாள்.  

ஸ்வீடன்காரன் கேட்கட்டும், நியாயம். வடக்கே மிலானோக்காரன் கேட்கட்டும், அவனுக்கும் இந்தப் பக்கம் வழி தெரியாது. இந்தத் தெருவில் விழுந்து முட்டி சிராய்த்து வளர்ந்தவள் கேட்கலாமா? தாய் வீடு இருக்கும்போது ஒருத்தி தங்க இடம் தேடுகிறாள் என்றால், ஒன்று தாய் செத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தாயோடு பேச்சு அறுந்திருக்க வேண்டும். இத்தாலியின் தெற்குக் கோடியில், எங்கள் சலெந்தோவில், இதற்கு மூன்றாவது காரணம் கிடையாது.

“எங்க தங்கலாம்னா? என்னடி கேள்வி இது?”

“கோவிச்சுக்காதம்மா. ஹோல்கர் கம்ப்யூட்டர்ல உக்காந்து எல்லாம் பாத்து வச்சிருக்கான். நம்ம பக்கம் ஒரே மாதிரி இல்லையாம், இடத்துக்கு இடம் வேற வேறயாம்.”

“நம்ம பக்கத்தைப் பத்தி மருமகன் எனக்குச் சொல்றானா?”

“கேளேன். முதல்ல ரெண்டு மூணு நாள் அல்பெரொபெல்லோ பக்கம், கூம்புக்கூரைக் கல் வீட்டுல. அப்புறம் ஒத்ராந்தோ பக்கம், பாறைக் கடல். கடைசியா கல்லிப்போலி பக்கம் மணல் கடல், குழந்தை இடா விளையாட. நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட வந்து சாப்பிடறோம்.”

உங்ககிட்ட வந்து சாப்பிடறோம்! பங்குச் சாமியார் வந்து சாப்பிடுவதுபோல. பெற்ற மகள் தாய் வீட்டுக்கு விருந்துக்கு வந்து, வாயைத் துடைத்து, நன்றி சொல்லிவிட்டு, யாரோ ஒருத்தன் வீட்டுக் கட்டிலில் போய்ப் படுப்பாளாம். கூம்புக்கூரைக் கல் வீடாம்! என் மாமா அதில் கழுதை கட்டியிருந்தார்.

“உன் அறைக்கு என்ன கேடு?” என்றேன்.

“அந்த சோபாவாம்மா?”

கீழே அவளுடைய பழைய அறையில் ஒரு சோபா இருக்கிறது. இழுத்தால் கட்டிலாகும். நல்ல சோபாதான். மருமகன் ஹோல்கர் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டான், அதற்கு சோபா என்ன செய்யும்? போன வருஷம் திரும்பிப் போகும்போது இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு கார் ஓட்டினான். பேத்தி இடாவை இரண்டு சாய்வு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தேன். குழந்தைகள் எங்கே போட்டாலும் தூங்கும். நானெல்லாம் அக்கா தங்கைகளோடு ஒரே கட்டிலில் குறுக்காகப் படுத்து வளர்ந்தவள்.

“அப்ப மாடியைத் தொறந்து விடு,” என்றாள் டொனாட்டா.

“மாடி தங்குறதுக்கு இல்ல. வாழுறதுக்கு.”

“வருஷா வருஷம் இதையேதான் சொல்றே.”

“வருஷா வருஷம் நீ கேக்கறே, நான் சொல்றேன்.”

மாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் பக்கத்து நியாயம் விளங்கும். என் புருஷன் ஒரோன்சோ கொத்தனார். ஊருக்குக் கட்டிய நேரம் போக, ஞாயிறு பண்டிகை பாராமல் எங்கள் தலைக்கு மேலே மகளுக்காக ஒரு முழு வீட்டைக் கட்டினார். இது எங்களுடைய புதுப் பைத்தியம் ஒன்றும் இல்லை. பிள்ளை பிறந்தால் மேலே ஒரு மாடி. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசப்படி. காலுக்குக் குளுமையான கல் தரை, தெருவைப் பார்த்த பால்கனி, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தை, கண்ணாடிக் கதவில் ஒட்டிவந்த தாளைக்கூட உரிக்காத அடுப்பு. அலமாரி நிறைய, அவள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து நான் பூவேலை செய்து சேர்த்த படுக்கை விரிப்புகள். டொனாட்டா கண் ஆஸ்பத்திரி வேலைக்கென்று ஜெர்மனி போனாள். “ரெண்டே வருஷம்மா” என்றாள். அந்த இரண்டு வளர்ந்து வளர்ந்து பதினாறு ஆகிவிட்டது.

அவள் திரும்பி வரும் அன்றைக்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பார். அன்றைக்குத்தான் மாடி திறக்கும். லீவுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் திறந்துவிட்டால் அதற்குப் பெயர் வீடு இல்லை, சத்திரம். சனிக்கிழமை தவறாமல் நான் ஏறிப்போய்க் கூட்டித் துடைத்துவிட்டு வருவேன். அதற்கும் கீழேயிருந்து வாளியில் தண்ணீர் சுமக்க வேண்டும். மாடியில் குழாய்களெல்லாம் பளபளவென்று இருக்கின்றன, திருகினால் காற்றுகூட வராது. ஒரோன்சோ தண்ணீர் இணைப்பு வாங்கவேயில்லை. கேட்டால் “நாளைக்கு” என்பார். ஊரில் பாதி வீட்டுக்குக் குளியலறை கட்டிக் கொடுத்த மனுஷன்!

சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தபோது நான் வேறு வழியில் போனேன்.

“கடலோரம் தங்கணும்னா எந்தக் கடல்டி?”

“ரெண்டுலயும்தான். கொஞ்ச நாள் அங்க, கொஞ்ச நாள் இங்க.”

“ஹோல்கர் ஜெர்மனிக்காரன், அவனுக்குத் தெரியாது. உனக்குமா மறந்துபோச்சு? காத்தைக் கேக்காம கடலுக்கு எவனாவது போவானா?”

எங்களுக்குக் கிழக்கேயும் கடல், மேற்கேயும் கடல். நடுவில் எங்கள் ஊர். காலையில் எழுந்ததும் ஒரோன்சோ பின்கட்டுக்குப் போய் அத்திமரத்து இலை எந்தப் பக்கம் புரளுகிறது என்று பார்ப்பார். வாடை அடித்தால் மேற்கே கிளம்புவோம், அங்கே தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெயாகக் கிடக்கும். தென்காற்று அடித்தால் கிழக்கே. இந்தப் பக்கத்தில் பிறந்தவன் ஒருத்தனும் முதல் நாள் ராத்திரி கடலைத் தீர்மானிக்க மாட்டான். முன்கூட்டியே ஒரு கரையில் அறை பிடித்துத் தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கொள்கிறவன், காற்று மாறினால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து சீட்டாட வேண்டியதுதான். இதைப் பெற்ற மகளுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். விடாமல் எடுத்தேன்.

கடைசியில் ஒரு நாள் அவளே இறங்கி வந்தாள். “சரிம்மா, நீ சொல்றதுதான் சரி. கடலோரம் வேண்டாம். நடுவுலயே தங்குறோம். காலைல அப்பாகிட்ட காத்து கேட்டுட்டுக் கிளம்பிக்கறோம்.”

“இதைத்தானே நான் அப்போலேருந்து கத்தறேன்!”

போனை வைத்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரோன்சோவை விரட்டி, சோபாவின் அடியில் கொடுக்க நீளமாக ஒரு பலகை அறுத்து வாங்கினேன், மருமகனுடைய இடுப்புக்காக.  தக்காளிச் சாறு காய்ச்சிப் புட்டிகளில் அடைத்தேன். கத்தரிக்காய் வெட்டி வெயிலில் காயப் போட்டேன். தெருவில் யார் எதிரே வந்தாலும் நிறுத்தி வைத்து, “எம்மக வர்றா. வீட்டுலதான் தங்குறா,” என்று சொன்னேன். வீட்டுலதான் என்பதை ஒரு அழுத்தம் அழுத்தித்தான் சொன்னேன்.

இப்படி ஊரெல்லாம் தம்பட்டம் அடித்து முடித்த பிறகுதான் எதிர் வீட்டு விட்டா வந்து கதவைத் தட்டினாள்.

விட்டா, டொனாட்டாவுக்கு ஞானத்தாயாக நின்றவள். பிள்ளையை ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் ஏந்தியவள் எங்கள் பக்கத்தில் ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். ஒருவரையொருவர் கொமாரே என்றுதான் கூப்பிடுவோம். அவள் புருஷன் இறந்துவிட்டான். ஒரே மகன் பிரிட்சியோ வடக்கே தொரினோவில் இருக்கிறான். அவனுக்கும் மேலே ஒரு மாடி கட்டினார்கள். கொஞ்ச வருஷம் முன்னால் அவள் அந்த மாடியைத் திறந்து, வாசலில் பலகை மாட்டி, சுற்றுலாக்காரர்களுக்கு விட ஆரம்பித்தாள். பெற்ற மகனுக்குப் போட்ட கட்டிலில் ஊரான் படுக்கிறான். நான் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறேன்.

“கொமாரே, ஒன்னு சொல்லணும். கையில கத்தி இருந்தா கீழ வச்சிரு,” என்றாள்.

“என்னடி?”

“உம்மக என் மாடியை எடுத்திருக்கா. ஆகஸ்டுக்கு.”

கையில் கத்தி இல்லை, கரண்டிதான் இருந்தது. அது விட்டாவுடைய அதிர்ஷ்டம்.

“முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“கம்ப்யூட்டர்ல வந்துச்சு. பேரைப் பாத்ததுமே போன் பண்ணினேன். ‘ஏம்மா, உங்கம்மா என்னைக் கொன்னு பொதைச்சிருவாளே’ன்னேன். ‘இல்ல ஞானம்மா, கடலோரம் தங்காதே, நடுவுல தங்குன்னு அம்மாதான் சொன்னா’ன்னா. ‘அம்மாவுக்குப் பக்கத்துலயும் இருக்கணும், ஹோல்கருக்கு முதுகும் ஒடியக் கூடாது, வேற எங்க போவேன்’ன்னா.”

“அதுக்கு எதிர் வீடா? என் வாசலுக்கு நேரா? எம்மக உள்பாவாடை உன் கொடியில காயும், தெருவே வேடிக்கை பாக்கும்!”

“காயட்டுமே. எங்க பக்கம் நல்ல வெயில்.”

“வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறாளே!”

“வெண்ணெய் அவ கையில எங்க இருக்கு? உன் இடுப்புச் சாவிக்கொத்துல இல்ல இருக்கு?”

“அது அவ திரும்பி வர்ற அன்னிக்கு.”

விட்டா கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.  “நானும் பிரிட்சியோவுக்காக அப்படித்தான் பூட்டி வச்சிருந்தேன்,” என்றாள். “ஒரு நாள் போய்ப் பாத்தா மெத்தை உறைக்குள்ள எலி குட்டி போட்டிருக்கு. எம்மகன் வீட்டுல முதமுதல்ல குடித்தனம் நடத்துன குடும்பம் அதுதான். இலவு காத்த கிளியா இருந்தது போதும்னு அன்னிக்கே தொறந்துட்டேன். அவன் வரமாட்டான், கொமாரே. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன்னை நான் ஒன்னும் சொல்லல.”

“சொல்லாதே,” என்றேன். “அவளுக்கு இடம் இல்லைன்னு சொல்லிரு.”

“சொல்றேன். சொன்னா உன் சோபாவுக்கா வருவா? ஜெர்மனியிலயே இருந்துருவா. பரவாயில்லையா?”

நான் கதவைச் சாத்தினேன்.  அன்றிலிருந்து விட்டாவோடு பேச்சை நிறுத்தினேன். ரொட்டிக் கடையில் எதிர்ப்பட்டால் ரொட்டியைப் பார்த்தேன்.

ஆகஸ்டில் வந்தார்கள். சாயங்காலம், தெரு முழுக்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்கள். கார் என் வாசலைத் தாண்டிப் போய் எதிர்ப்பக்கம் நின்றது. நான் வெளியே போகவில்லை. கார் நிறுத்தும் கூடத்தில் அடுப்பில் தக்காளிச் சாற்றைக் கிண்டிக்கொண்டிருந்தேன். என் சமையலெல்லாம் அங்கேதான். வீட்டுக்குள் நல்ல சமையலறை ஒன்று இருக்கிறது. அங்கே எண்ணெய்ப் புகை படக் கூடாது என்று நான் பற்றவைப்பதில்லை. பெட்டிகள் விட்டா வீட்டுப் படியில் தடதடவென்று ஏறும் சத்தம் ஒவ்வொன்றும் என் நெஞ்சில் கேட்டது.

முதலில் ஓடிவந்தது இடா. “பாட்டி! எதிர்வீட்டுப் பாட்டி மெத்தையில குதிக்கலாம்னு சொல்லிட்டாங்க!”

“நல்லா குதி,” என்றேன். வேறென்ன சொல்வது, ஆறு வயதுக் குழந்தையிடம்?

பின்னால் டொனாட்டா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இளைத்திருந்தாள். நான் கரண்டியை விடவில்லை, ஆனால் தள்ளியும் விடவில்லை. “உன் ஞானம்மா வீட்டுல சாப்பாடும் போடறாளா, இல்ல படுக்கை மட்டும்தானா?” என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். அது எனக்கு இன்னும் எரிந்தது.

மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கத்தரிக்காயையும் பாலாடைக் கட்டியையும் அடுக்கி வேகவைத்திருந்தேன். ஹோல்கர் இரண்டாவது தடவை தட்டை நீட்டினான். மனுஷனிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு. “இந்த வாட்டி முதுகு நல்லா இருக்கு, அம்மா,” என்று தனக்குத் தெரிந்த நாலு இத்தாலிய வார்த்தையில் சொன்னான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் வாய்க்கு வந்துவிட்டது.

“ஆமா, நல்லாத்தான் இருக்கும். ஊரே சிரிக்குது, உங்களுக்கு முதுகு நல்லா இருக்கு! தலைக்கு மேல உங்கப்பா ரத்தத்தைச் சிந்திக் கட்டின வீடு. எம்மக காசு குடுத்து எதிர் வீட்டுல படுக்கறா. நான் செத்துட்டேன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்திருந்தா இந்த மானக்கேடு இல்ல!”

“அப்ப சாவியைக் குடு,” என்றாள் டொனாட்டா. “இப்பவே பெட்டியைத் தூக்கிட்டு வந்துர்றேன்.”

“எப்ப வர்றே?”

“இப்பவேதான்.”

“நான் கேக்கறது அது இல்ல. எப்ப திரும்பி வர்றே?”

டொனாட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஹோல்கருக்குப் பேச்சு புரிந்திருக்காது, ஆனாலும் மெல்லுவதை நிறுத்தினான்.

“வரமாட்டேம்மா,” என்றாள்.

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னாள்.

“எங்க வேலை அங்க. இவ பள்ளிக்கூடம் அங்க. ஆகஸ்டுல வருவேன், கிறிஸ்துமஸுக்கு வருவேன், உனக்கு முடியலைன்னா அன்னிக்கே வண்டி ஏறிருவேன். ஆனா தங்குறதுக்குத்தாம்மா வருவேன். வாழுறதுக்கு இல்ல.”

“இதை இத்தனை வருஷம் சொல்லாம எங்க வச்சிருந்தே?”

“நீ எப்ப வர்றே, எப்ப வர்றேன்னுதானே கேட்டே. வருவியான்னு ஒரு தடவை கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

நான் ஒரோன்சோ பக்கம் திரும்பினேன். கட்டினவர் அவர், அவருக்கு எரியாமலா இருக்கும்? “யோவ், கேட்டியா உம்மக பேசறதை? நீ கட்டின வீடுய்யா. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லு!”

அவர் தட்டில் மிச்சமிருந்த சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துக்கொண்டிருந்தார். “தெரியும்,” என்றார்.

“என்ன தெரியும்?”

“வரமாட்டான்னு. ரொம்ப நாளாத் தெரியும். தண்ணி இணைப்பு கேட்டு ஆபீஸுக்குப் போனேன், கொன்சீலியா. குடியிருக்கப் போறது யாருன்னு கேட்டாங்க. எனக்கு யார் பேரைச் சொல்றதுன்னு தெரியல. திரும்பி வந்துட்டேன்.”

  வாளி! ஒவ்வொரு சனிக்கிழமையும், மழையிலும் வெயிலிலும், அந்தப் படிகளில் நான் தூக்கிப் போன வாளி!

“நாளைக்கு நாளைக்குன்னு சொன்னியே! பதினாறு வருஷமா நான் தண்ணி சுமந்தேனேய்யா! எம் முழங்கால் ரெண்டும் தேஞ்சு போச்சு! தெரிஞ்சுக்கிட்டே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தியே, நீ மனுஷனா?”

“வாளி தூக்கறப்ப உன் மூஞ்சி நல்லா இருக்கும்,” என்றார் அவர், ரொட்டியைப் பார்த்துக்கொண்டே. “நாளைக்கே அவ வந்து எறங்கப் போற மாதிரி இருக்கும். அதைப் போய் நான் எப்படிக் கெடுக்கறது?”

முப்பத்தொன்பது வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷன் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை என்றால் அது ஒன்றுதான். அதை அன்றைக்கா சொல்வது? நான் எழுந்து, சாவிக்கொத்தை உருவிக்கொண்டு மாடிக்குப் போனேன். யாரும் பின்னால் வரவில்லை. வந்திருந்தால் தள்ளியிருப்பேன்.

சாமியாரும் இல்லை, தீர்த்தமும் இல்லை. கதவை ஒரு தள்ளு தள்ளி உள்ளே போனேன். அடுப்புக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை உரித்தேன். அது முழுசாக வரவில்லை, துணுக்குத் துணுக்காக நகத்தடியில் ஏறியது. மீதி கண்ணாடியோடு ஒன்றிப்போயிருந்தது. அலமாரியைத் திறந்து மேலே இருந்த விரிப்பை உதறினேன். மடித்த மடிப்பெல்லாம் மஞ்சள் கோடு. மடிப்பை மாற்றி மாற்றி வைத்துத்தான் வந்தேன், அப்படியும் பழுத்துவிட்டது. ஒருத்தர் தலைகூட அதில் படவில்லை. நான் தூசு தட்டித் தட்டிப் புதுசு என்று நினைத்துக்கொண்டிருந்த வீடு, என் கண் முன்னாலேயே கிழடு தட்டியிருந்தது.

மெத்தையில் உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் கரகரவென்று சத்தம் போட்டது. அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

அழுதுகொண்டே சுற்றிப் பார்த்தபோது வேறொரு கோபம் வந்தது. இந்தத் தரை எவ்வளவு நல்ல தரை! காற்று எப்படி இந்தப் பால்கனி வழியாக வந்து அந்த ஜன்னல் வழியாகப் போகிறது! கீழே நான் கார்க் கூடத்தில் புகையில் வேகிறேன். நல்ல சமையலறை விருந்தாளிக்கு. நல்ல தட்டு ஈஸ்டருக்கு. நல்ல வீடு வரப்போகிறவளுக்கு. அப்போது எனக்கு? நான் எந்த நாளில் வரப்போகிறேன்? என் மகளை விடுங்கள், விட்டா வீட்டு எலிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லாமல் போயிற்றே என்று இருந்தது.

மெத்தை உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். கிழித்த வேகத்தில் ஒரு பக்கம் முழுக்க வந்துவிட்டது. படிக்கட்டுக்குப் போய்க் கீழே பார்த்துக் கத்தினேன்.

“ஒரோன்சோ! நம்ம தலகாணியையும் துணிமணியையும் தூக்கிட்டு மேல வாய்யா!”

அவர் வந்து கீழ்ப்படியில் நின்றார். அவருக்குப் பின்னால் டொனாட்டா, அவளுக்குப் பின்னால் ஹோல்கர், அவன் கால்களுக்கு நடுவில் இடா.

“எதுக்கு?” என்றார்.

“இது வாழுறதுக்குன்னு கட்டின வீடுதானே? எவளும் வாழ வரமாட்டேங்கிறா. நான் வாழப் போறேன். இன்னிக்கே. நீ வந்தா வா, இல்ல அந்தச் சோபாவுல படு, பலகை போட்டிருக்கு!”

“அம்மா, அப்ப கீழ?” என்றாள் டொனாட்டா.

“கீழ நீங்க தங்குங்க. எங்க கட்டில்ல. அது அகலம், உம்புருஷன் குறுக்க வேணும்னாலும் படுக்கலாம். எத்தனை நாள் வேணும்னாலும் தங்கு, போறப்ப போ. எப்ப வர்றேன்னு இனிமே கேக்க மாட்டேன். வர்றதுக்கு முந்தின நாள் சொன்னா போதும், விரிப்பு மாத்தி வைப்பேன்.”

 டொனாட்டா முகத்தை மூடிக்கொண்டு நின்றாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “சாமியார்? தீர்த்தம்?” என்றாள் கைக்குள்ளிருந்து.

“சாமியார் சாப்பிட்டுட்டுத் தூங்கற நேரம் இது. ஒரு வாளி தண்ணி கொண்டு வாங்க, அது போதும். உங்கப்பா தூக்கட்டும். இனிமே அவர் முறை.”

நான் பால்கனிக் கதவை விரியத் திறந்தேன். எதிரே, எனக்கு நேர் உயரத்தில், விட்டா தன் மாடிக் கொடியில் துண்டு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் சத்தம் முழுவதையும் கேட்டிருந்தாள் என்பது அவள் துண்டை உதறாமல் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“கொமாரே!” என்றேன்.

“அடேயப்பா, பேச்சு வந்துருச்சா உனக்கு?”

“உன் மாடியை வேற யாருக்காவது விடு. எம்மகளுக்கு எங்க வீட்டுல இடம் கெடைச்சிருச்சு.”

“எங்க, சோபாவுலயா?”

“எங்க கட்டில்ல!”

விட்டா என்னை, எனக்குப் பின்னால் திறந்து கிடந்த வீட்டை, உறை கிழிந்த மெத்தையை எல்லாம் பார்த்தாள். “அப்ப நீ?” என்றாள். நான் பால்கனிக் கம்பியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றேன், வீட்டுக்காரி நிற்பதுபோல. அவள் தலையை ஆட்டிவிட்டு, துண்டை உதறி வெயிலில் போட்டாள்.

ஒரோன்சோ வாளியோடு படியேறி வந்தார். பாதி தண்ணீர் படியிலேயே சிந்தியிருந்தது. மூச்சு வாங்கியது. வாளியை வைத்துவிட்டு, பளபளக்கும் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நாளைக்குக் காலைல முதல் வேலையா அந்த ஆபீஸுக்குப் போறே,” என்றேன்.

“போனா, குடியிருக்கறது யாருன்னு கேப்பாங்களே.”

“என் பேரைச் சொல்லுய்யா.”